மாடிப்படியில் ஒரு சண்டைக்காரி

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மாடியில் பெற்றோரோடு குடியிருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கணவனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஒல்லியான உடம்பு அவளுக்கு. குரல் மட்டும் பெரியது. தினமும் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் அவனோடு சண்டை போடுவாள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் கணவர் சவூதியில் இருந்த வருஷங்களில், மாதம் ஒருமுறை எதிர்வீட்டு போனில்தான் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதைத் தவிர நான் வேறெதுவும் பேசியதில்லை.

விசா வந்த அன்று அவள் அழுத முகத்தோடு கீழே வந்தாள்.

"இந்த விசாவுல அங்க போனா நான் வேலைக்குப் போகக் கூடாதாம் ஆன்ட்டி. எனக்குப் போகவே பிடிக்கல."

"புருஷன்கூடவே இருக்கப் போறியேம்மா! எங்க காலத்துல லேபர் விசாவுக்குப் பொண்டாட்டிய விடமாட்டாங்க."

"என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு நீங்க அங்கிள்கிட்ட கேக்கவேயில்லையா?"

கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. ஆனால் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறிவிட்டாள். அமெரிக்காவைவிட, மனசில் பட்டதைக் கேட்கத் தெரிந்த அவள் வாயின் மேல்தான் எனக்கு இன்றும் பொறாமை.