பெட்டிக்காரர் கனகதாஸின் நம்பர்

கனகதாஸ் சொந்த நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற ஆள். சர்ச்சில் கண்மூடி ஜெபிக்கும்போதும் ஒரு கண் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பின் மேல்தான் இருக்கும். கேரள எல்லையோரம் காரக்கோணம் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஃப்ரீசர் பெட்டி கொண்டு போகிறவர் அவர். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடல் அந்தப் பெட்டியில்தான் கிடக்கும். பெட்டி என்னவோ ஒன்றுதான். ஆனால் அவருடைய போன் நம்பரைச் சுவரில் எழுதி வைக்காத வீடு கிடையாது. ஒரு சாவுக்கு யார் பெட்டி வந்ததோ, அடுத்த சாவுக்கும் அந்த வீட்டார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழிலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

அந்த நம்பருக்குக் கேடு வந்தது. கம்பெனிக்காரன் பக்கத்து டவரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்குள் ரேஞ்சே இல்லை. பின்பக்கம் வாழைமூட்டில் போய் நின்றால் போன் எல்லைக்கு அந்தப்புறத்து டவரைப் பிடித்து, 'தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் காட்டும். வாழைமூட்டில் நின்றுகொண்டே ஒரு மனுஷன் தொழில் செய்ய முடியுமா?

அவருடைய அக்கா செல்லபாய் கல்யாணம் கட்டாதவள். நெஞ்சில் சளி கட்டி, அவர் வீட்டிலேயே கிடந்த கிடையாகக் கிடந்தாள். மூச்சு முட்டினால் தம்பியைக் கூப்பிடத் தலைமாட்டில் ஒரு போன் வைத்திருந்தார்கள். கூப்பிட்டு என்ன பயன், போய்ச் சேர்ந்தால்தானே?

"எலே தாஸே, கம்பெனிய மாத்துலே. நம்பரு போவாதாம். நான் சாவக் கிடக்கும்ப நீ ரேஞ்சு இல்லாத எடத்துல நிக்கப்பிடாது, கேட்டியா," என்றாள்.

நம்பர் அப்படியே இருக்குமாம், கம்பெனி மட்டும் மாறுமாம். யாரிடம் காது குத்துகிறார்கள் என்றுதான் கனகதாஸுக்குத் தோன்றியது. இருந்தாலும் அக்காவுக்காகப் பாறசாலை ஸ்டேஷன் பக்கம் எபினின் மொபைல் கடைக்குப் போனார். எபின் ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னான். பதிலுக்கு எட்டு எழுத்தில் ஒரு கோட் வந்தது. அதைக் காட்டத்தான் அவருக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் எபின் யார்? மோகனனின் மச்சினன். மோகனன் யார்? இதே வட்டாரத்தில் இன்னொரு பெட்டி வைத்திருக்கிறவன். இரண்டுபேரும் கூடிப் பேசி நம்பரை மோகனன் பேருக்குத் தூக்கிவிட்டால், ஊரில் விழுகிற சாவெல்லாம் அவன் வாசலுக்குப் போய்விடாதா?

எபினைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கையால் மறைத்தபடி அந்த எட்டு எழுத்தையும் எபினின் போனில் தாமே தட்டிப் போட்டார். எபின் சிரித்துக்கொண்டே புது சிம்மைக் கொடுத்தான். வியாழக்கிழமை பகலில் பழைய சிம் செத்துவிடும், புதுசு உயிர் பெறச் சில மணி நேரம் ஆகும் என்றான். அந்தச் சில மணி நேரம் கனகதாஸின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

வியாழக்கிழமை அவருடைய பெட்டி கொல்லயில் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டில் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பான். கனகதாஸ் போய் உட்கார்ந்தது மோகனன் கடையில். எந்தெந்த வீடு கைமாறுகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. எங்கே போகிறார் என்று மனைவி ஷிஜியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள்.

பழைய சிம் செத்தது. புது சிம்மைப் போட்டார், அதிலும் உயிரில்லை. மோகனன் சாயா வாங்கிக் கொடுத்தான். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

சாயா தீருமுன் மோகனனின் போன் அடித்தது. அவன் இவரை ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பின்பக்கம் போனான். கள்ளன் பிடிபட்டான் என்று கனகதாஸின் மனம் துள்ளியது. திரும்பி வந்த மோகனன் பெட்டியை வண்டியை நோக்கித் தள்ளினான். கனகதாஸ் குறுக்கே போய் நின்றார்.

"யாருக்க வீடுலே? எனக்க வீடுகள்ல ஒண்ணுதானே? மறைக்காம சொல்லு."

மோகனன் தலை நிமிரவில்லை. "உங்களுக்க வீடாக்கும் அண்ணா. செல்லபாயக்கா போயாச்சு. ஷிஜியக்கா உங்களுக்கு விளிச்சு விளிச்சுப் பாத்தாவளாம், கிட்டல்ல. உங்க பெட்டி கொல்லயில் சாவு வீட்டுல கிடக்கு. பின்னே அவிய யாருட்ட கேப்பாவ?"

"அக்கா விளிச்சாளா?" என்று கேட்டார் கனகதாஸ். மோகனன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

அக்கா எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. டவர் மேல் பழி போட வழியில்லை. வீட்டில் இருந்திருந்தால் அவள் வாயால் கூப்பிட்டாலே கேட்டிருக்கும். பாவி, காவல் காக்கப் போன இடம் இது என்று தன்னையே வைதுகொண்டு, வண்டிக்குள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

வண்டி காரக்கோணத்துக்குத் திரும்பும்போது சட்டைப்பையில் போன் உயிர் பெற்றது. ரேஞ்ச் முழுசாக நின்றது. நம்பர் எங்கேயும் போய்விடவில்லை. உடனே மணியும் அடித்தது. பெட்டி கேட்டு ஏதோ ஒரு வீடு. கனகதாஸ் திரையைப் பார்த்தார். பிறகு போனை மோகனனிடம் நீட்டினார்.

"நீ பேசு."

மோகனன் வண்டியை ஓரம் கட்டி வாங்கிக் காதில் வைத்தான். "ஆமா, கனகதாஸுக்க நம்பருதான். இண்ணைக்கு அவரு வர முடியாது. அவருக்க வீட்டுலயாக்கும் சாவு," என்றான்.