ஹெர்பர்ட் சல்லடை

ஹெர்பர்ட் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் நூலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. விஞ்ஞானிகள் அங்கே படியேறி வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேண்டிய கட்டுரை அவரவர் திரையிலேயே வந்து நிற்கும்போது யார் மூச்சு வாங்க ஏறுவார்கள்? காலையில் விளக்கைப் போடுவதும் மாலையில் அணைப்பதும் போக, நடுவில் நூலகர் ஹெர்பர்ட் என்ன செய்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. சில நாட்களில் அவருக்கே தெரியாது.

“சும்மா உட்கார்றதுக்கு டை எதுக்குங்க?” என்பாள் ஆஞ்சலா. கல்யாணமாகிப் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கணவனைக் கிண்டல் செய்யும் உரிமையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“ஆபீஸ்னா ஆபீஸ்தான்” என்று ஸ்கூட்டரை உதைப்பார் அவர்.

ஐம்பது வயதில் அவருக்கு ஒரு வாழ்வு வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு சல்லடை.

அந்த நிறுவனத்தில் விஞ்ஞானிகளின் வேலை ஐந்தைந்து வருடங்களுக்குத்தான். காலம் முடியும்போது ஒரு குழு கூடி, அவர்கள் எழுதிய கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, நீட்டிக்கும் அல்லது வீட்டுக்கு அனுப்பும். ஒரு முறை ஒருவரின் எண்ணிக்கை கண்டபடி ஏறியிருக்க, விசாரித்ததில் அவரும் அவருடைய சிஷ்யப் பிள்ளைகளும் மாறி மாறி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டது தெரிந்தது. பெரிய தலைகுனிவு. இதற்கு வழி என்ன என்று இயக்குநர் கேட்டபோது, வழி சொன்னவர் ஹெர்பர்ட். ஒருவர் தன்னைத்தானே மேற்கோள் காட்டினால் கழித்துவிட வேண்டும். அவரோடு சேர்ந்து என்றைக்காவது ஒரு கட்டுரையிலாவது பெயர் போட்டவர் காட்டினாலும் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் வெளியாட்கள் மனதாரக் கொடுத்த மதிப்பு. அவரே உட்கார்ந்து அதற்கொரு கணினி நிரலும் எழுதிக் கொடுத்தார்.

‘ஹெர்பர்ட் சல்லடை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கேன்டீனில் வரிசையில் நின்றவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். மைசூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஆஞ்சலா வாயை மூடிக்கொண்டு அவருக்குப் புது டை வாங்கி வந்தாள்.

கீழ்மாடியில் ஆய்வகம் வைத்திருந்த தமயந்தி மட்டும், சல்லடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி அவரிடம் பேசியவள். கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். தினமும் ரயிலில் பெங்களூர் வந்து கல்லூரி படித்தவள். கரிமச் சேர்மங்களைக் கரைத்து, மை பூசுவதுபோல் பிளாஸ்டிக் தாளில் பூசி, வளைத்தாலும் உடையாத டிரான்சிஸ்டர் செய்வது அவள் வேலை. பூசிய படலம் காயும்போது விரிசல் விட்டுக்கொண்டே இருந்த ஒரு வருடத்தில், பழைய ஜப்பானியப் பத்திரிகை ஒன்றிலிருந்து அதை உலர்த்தும் முறையைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் ஹெர்பர்ட். கட்டுரை வந்தபோது ஆசிரியர்களில் ஐந்தாவதாக அவர் பெயரும் இருந்தது.

“நான் என்னம்மா செஞ்சேன்?” என்று அவர் கேட்டார். கேட்டாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் காட்டினார். பாதிரியார் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார்.

இந்த வருடம் தமயந்தியின் முறை. அவளுடைய கோப்பு வந்தபோது, ‘நான் அவளோடு பெயர் போட்டவன், வேறு யாராவது பாருங்கள்’ என்று ஹெர்பர்ட் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை கைமாறிவிடும். சல்லடையை இன்னொருவன் பிடிப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பேசாமல் நிரலை ஓட்டினார். நானூறுக்கு மேல் இருந்த அவளுடைய மேற்கோள்கள் நாற்பதுக்கும் கீழே இறங்கின. அதே சுற்றில் வந்த இன்னொரு விஞ்ஞானி கிரணுக்கு முன்னூற்றுச் சொச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே நின்றன. கணக்கு கணக்குதான் என்று ஹெர்பர்ட் இரண்டையும் குழுவுக்கு அனுப்பினார்.

அனுப்பிய பிறகுதான், கழிந்து விழுந்ததைத் திறந்து பார்த்தார். அதுவரை அவர் யாருடையதையும் அப்படித் திறந்ததில்லை.

எல்லாம் தெரிந்த பெயர்கள். சிறிய கல்லூரிகளிலிருந்து ஒரு கோடை விடுமுறைக்கு வந்து, தமயந்தியின் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுக் கழுவி, வேலை கற்றுக்கொண்டு போன பிள்ளைகள். இன்று ஒருத்தி திருச்சியில், ஒருவன் ஜெர்மனியில். ஒவ்வொருவரும் தனி ஆய்வகம் வைத்து, அவள் முறையைச் செய்து பார்த்து, பலித்தது என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்குக் கையில் தட்டைப் பிடித்த பாவத்துக்காக அவள் அவர்கள் பெயரையும் கட்டுரையில் சேர்த்திருந்தாள். அதனால் அவர்கள் ‘கூட்டாளிகள்’. சல்லடை அவர்களை விழுங்கிவிட்டது.

சந்தேகத்தோடு கிரணின் கோப்பைத் திறந்தார். அங்கேயும் பழைய பிள்ளைகளே மேற்கோள் காட்டியிருந்தார்கள். கிரண் யார் பெயரையும் போடுகிறவர் இல்லை. இரண்டு வருடம் உழைத்தவனுக்கும் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரிதான். ஆகவே சல்லடையின் கண்ணுக்கு அவர்கள் எல்லாரும் வெளியாட்கள். பேர் கொடுத்தவளுக்குக் கழித்து, கொடுக்காதவனுக்குக் கூட்டிக்கொண்டிருந்தது ஹெர்பர்ட்டின் சல்லடை.

இரண்டு கோப்புகளையும் மூடினார். எழுந்து கீழ்மாடிக்குப் போனார்.

தமயந்தி நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை வரை ரப்பர் கையுறையில் கைவிட்டு நின்றிருந்தாள். காற்று பட்டால் படலம் கெட்டுவிடும் என்பதால் எல்லாம் அதற்குள்ளேதான்.

“நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா. கண்ணாடி மூக்குல இறங்கிக்கினே இருக்குது. கொஞ்சம் ஏத்தி வுடுங்க.”

அவர் ஒரு விரலால் ஏற்றிவிட்டார்.

“இன்னா, மூஞ்சி இப்படித் தொங்குது? அண்ணி சோறு போடலியா?”

“ஏம்மா, உன் பேப்பர்ல ஏன் இத்தனை பேரு? பம்பு ரிப்பேர் பண்ண ஆரோக்கியசாமி பேர்கூட இருக்கே.”

“பின்ன? அந்த பம்பு ஓடலன்னா எனக்கு ஏது ஃபிலிமு? கை வச்சவங்களுக்குப் பேரு போடறதுல எனக்கு இன்னா கொறஞ்சுடும்?”

ஹெர்பர்ட் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஃபைலு போயிடுச்சாண்ணா? ரோஹன் பயந்துக்கினே இருக்கான், மேடம் போயிட்டா என் பிஎச்டி என்னாவும்னு. நான் சொன்னேன், டேய், சல்லடை நம்ம அண்ணன் கையில இருக்குது, அவரு யாருக்கும் சாய மாட்டாரு, போய் வேலயப் பாருன்னு.”

“வரேன்மா” என்றார் ஹெர்பர்ட். சொல்ல வந்ததைச் சொல்லாமலே படியேறினார்.

வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஞ்சலா தோண்டித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

“தப்புன்னு தெரிஞ்சு போச்சில்ல? போய் சொல்லுங்க.”

“என் பேர் அவ பேப்பர்ல இருக்கு ஆஞ்சலா. அவளுக்காகப் பேசறேன்னு சொல்வாங்க.”

“சொல்லட்டும். வாய்ல முள்ளா குத்துது?”

“சல்லடையும் போயிடும்.”

ஆஞ்சலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “ஓ” என்றாள். பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

குழு கூடிய காலையில் ஹெர்பர்ட் அனுமதி கேட்டு உள்ளே போனார். தலைவர் வெங்கடசுப்ரமணியன், பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கமுள்ளவர். சல்லடை எங்கே தவறுகிறது என்பதையும், தமயந்தியின் கட்டுரை ஒன்றில் தன் பெயர் இருப்பதையும் ஹெர்பர்ட் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“நீங்க சொல்றது லாஜிக்கலா சரி” என்றார் தலைவர். “ஆனா இத்தனை வருஷமா இது தோணலையே, ஹெர்பர்ட்? உங்க கோ-ஆதரோட ஃபைல் வந்தப்பறம்தான் தோணித்தா?”

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

வெளியாட்கள் இருவர் தமயந்தியின் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லட்டும், அதுவரை அவளுக்கு ஆறு மாதம் தவணை என்று முடிவானது. கிரணுக்கு ஐந்து வருடம். சல்லடையை இனி யாரும் தொடக் கூடாது, ஹெர்பர்ட் முக்கியமாக.

“சார், முன்னாடி போனவங்க? சாய்கிருஷ்ணா?”

சாய்கிருஷ்ணா இரண்டு வருடம் முன்பு இதே சல்லடையில் விழுந்து வீட்டுக்குப் போனவர். இப்போது அல்சூரில் ஒரு டியூஷன் சென்டரில் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறார்.

“முடிஞ்ச ஃபைலைத் திறக்கற வழக்கம் இல்லை” என்றார் தலைவர், அடுத்த தாளை எடுத்தபடி.

மத்தியானம், குழுவில் நடந்ததெல்லாம் காதுக்கு எட்டி, தமயந்தி படியேறி நூலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஆறு மாசம் குடுத்துக்கீறாங்க. கேள்விப்பட்டீங்களா?”

“ம்.”

“நாளைக்கே எனக்கு அஞ்சு வருஷம் குடுத்தாலும், அவ ஆளு போய்ப் பேசுனான், அதான் கெடைச்சுதுன்னு கேன்டீன்ல பேசுவானுங்க. அன்னிக்கு வந்து கண்ணாடிய ஏத்தி வுட்டீங்களே, அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போய் எனக்காகக் கேட்டிருப்பேன் இல்ல? என் வாயி இன்னா ஊமையா?”

“பயமா இருந்துதும்மா.”

“எனக்காகவா, உங்களுக்காகவா?”

“எனக்காக.”

அவள் அலமாரிகள் பக்கம் திரும்பினாள். கோபம் சற்றுத் தணிந்த குரலில் கேட்டாள்.

“சாய்கிருஷ்ணா சார் போனப்போ இதெல்லாம் தொறந்து பாக்கலியே. என்னுத மட்டும் ஏண்ணா பாத்தீங்க?”

உன் மேல் இருக்கிற பாசம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் அத்தோடு சமாதானமாகிக் கீழே போயிருப்பாள்.

“உன்னை நினைச்சுப் பார்க்கலம்மா” என்றார் ஹெர்பர்ட். “என் பேர் போட்ட பேப்பருக்கு எத்தனை நின்னுச்சுன்னு எண்ணத்தான் திறந்தேன். ஒண்ணுகூட நிக்கல. அது எப்படின்னு பார்க்கப் போயி…”

தமயந்தி அவரைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு தலையை ஆட்டினாள்.

“அப்ப சாய்கிருஷ்ணா சாரும் உங்க பேர ஒரு பேப்பர்ல சேத்திருக்கணும். பாவம், வெவரம் தெரியாத மனுஷன்.”

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. ஹெர்பர்ட் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. சல்லடை கையில் இல்லை; கட்டுரைகள் எல்லாருக்கும் பொதுவானவை. சாய்கிருஷ்ணாவின் முதல் கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்களை ஒவ்வொருவராகக் கையால் தேடத் தொடங்கினார். முதலில் வந்த பெயர் ஒரு பெண்ணுடையது. கலபுரகியில் கல்லூரி ஆசிரியை. எப்போதோ ஒரு கோடையில் சாய்கிருஷ்ணாவிடம் வேலை கற்க வந்து, இதே நூலகத்தில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள்.