பெயருக்கு உரியவள்

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம். பொழுது சாயும் நேரத்தில் என் மாமனார் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு போய், ரோட்டைப் பார்த்து நின்று யாரையோ கூப்பிட்டார். ஒரு பெண்ணின் பெயர். ஒரே தடவைதான் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே வந்து கை கால் கழுவினார். மேய்ச்சலில் இருந்து திரும்பாத எருமையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எருமை வாசலிலேயே அசைபோட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கும் கூப்பிட்டார்.

எங்கள் வீடு சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ரோட்டோரத் தோட்டத்தில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது அயோத்தியாப்பட்டணத்தில். சேலத்துக்குக் கிழக்கே எங்கள் பேச்சே வேறு. அதனால் புகுந்த வீட்டில் புரியாதது எதுவானாலும் இந்த ஊர் வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிடுவேன். இதை மட்டும் விட முடியவில்லை. என் கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே கிளம்புவதற்கு முன்னால் கேட்டேன்.

"அது எங்க அத்தை பேரு," என்றார். "அப்பாகூடப் பொறந்த ரெட்டை. ஆறு வயசுல திருச்செங்கோட்டுத் தேருக்கு அப்பாவப் பெத்த ஆத்தா ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. திரும்பி வரும்போது அப்பா மட்டுந்தான் கையில இருந்தாரு."

ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் காலமான பிறகு என் மாமனார் கூப்பிடுகிறார். அவள் செத்துப்போனாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் காரியமும் செய்யவில்லை.

அந்த வீட்டில் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு. மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையைக்கூட அம்மாக்காரி "சாமி", "கண்ணு" என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். இப்படி எல்லாருடைய பெயரும் திரும்ப வந்தது. அந்த ஒரு பெயர் மட்டும் யாருக்கும் வைக்கப்படாமல் வெளியே நின்றது. நானும் அதை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு ஸ்கேனில் இரட்டை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "ரெண்டுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் கேட்டுக்குப் போனார்.

இரண்டும் பெண். முதல் குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் பேச்சே இல்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகியிருந்த என் மாமியாரின் பெயர். இரண்டாவது குழந்தைக்குத்தான் தகராறு வந்தது. என் கணவரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவர், பிரசவத்துக்கு உதவியாக வந்திருந்தார். அவர் அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"அப்பா, இத்தனை வருசங் களிச்சு நம்மூட்டுல ரெட்டை வந்துருக்குது. அதுலயும் பொட்டப்புள்ள. அத்தை பேரை இப்பவாவது வெச்சுப்போடலாமுங்களா?"

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்து கையை எடுத்தார்.

"வெச்சுப்போட்டு, நாளைக்கி அவ வந்து நின்னா நா என்னன்னு அவளைக் கூப்புடறது?"

மடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டாவது குழந்தையைத் துணியால் நன்றாக மூடிக்கொண்டேன். இரண்டு பக்கத்துச் சனத்திலும் யாருக்கும் இல்லாத ஒரு பெயர் கல்லூரிக் காலத்திலிருந்தே என் மனசில் இருந்தது. அதைச் சொன்னேன். "நல்லாருக்குதுங் அம்மிணி, அதையே வெய்யி," என்று மாமனார் உடனே ஒத்துக்கொண்டார்.

பெயர் வைக்கும் நாளில் நங்கையாதான் அத்தை முறைக்குக் குழந்தைகளின் காதில் பெயரைச் சொன்னார். பெரியவளுக்கு மூன்று முறை சொல்லி, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார். சின்னவளின் காதருகே குனிந்த நேரம் பார்த்து, ரோட்டில் லாரி ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது. அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

பெரியவள் நாலைந்து மாதத்திலேயே எந்தச் சத்தத்துக்கும் திரும்புவாள். சின்னவள் திரும்ப மாட்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். விரலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தவழ ஆரம்பித்த பிறகும் அப்படியே. காது கேட்கவில்லையோ என்று பயந்து ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு, "காது நல்லாக் கேக்குதும்மா. அவளுக்கு இஷ்டமிருந்தாத் திரும்புவா," என்று சிரித்தார் டாக்டர்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். குழந்தைகள் இரண்டும் வாசலில் விரித்த பாயில் இருந்தார்கள். நான் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் எப்போதும்போல கேட்டைத் திறந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தவள் நின்றாள். தலையைத் தூக்கினாள். "ஓ..." என்று குரல் கொடுத்தாள்.

குழந்தைகள் சும்மா கத்துவது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. தூரத்தில் இருந்து யாரோ கூப்பிட்டால், இதோ இருக்கிறேன் என்று நாம் பதில் கொடுப்போமே, அந்த நீளமும் அந்த இழுப்பும் அதில் இருந்தன.

மாமனார் திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை. பதில் ரோட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார். கேட்டைத் தாண்டி நடந்தார், பிறகு ஓடினார். லாரி ஒன்று பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் திட்டினான். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"மாமா! பாப்பா, மாமா! நம்ம பாப்பாதான் குரல் குடுத்தா!"

அவர் ரோட்டு நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் சின்னவள் தவழ்ந்து கேட்டுக்கே வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அறுபது வருஷத்துக்கு மேல் கூப்பிட்ட பெயருக்கு ஒரு பதில் வந்தால் மனிதர் மகிழ்வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் முகத்தில் நான் பார்த்தது பயம். அப்படி ஒரு பயத்தைப் பெரியவர்கள் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நான் நங்கையாவுக்குப் போன் போட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அவ காதுல எந்தப் பேரைச் சொன்னீங்க?"

"எம் புள்ளைக மேல சத்தியமா நீ சொன்ன பேரத்தான் மூணு தரஞ் சொன்னேன்," என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. தூங்கிட்டிருந்த புள்ள, நா குனியறதுக்கு முன்னாடியே கண்ணைத் தொறந்து கேட்டைப் பாத்துச்சு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன்," என்றார்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயிற்றில் இருந்த காலத்திலிருந்து தினமும் கேட்ட சத்தம், பழகியிருக்கும். ஆனால் பெரியவளும்தான் அதே வயிற்றில் இருந்தாள். அவள் ஒரு நாளும் அதற்குத் திரும்பவில்லை.

நாளாக ஆக வேறு வழியில்லாமல் போய்விட்டது. நான் வைத்த பெயருக்குச் சின்னவள் அசையவே மாட்டாள். அடுப்புப் பக்கம் போகிறாள், எருமைக்கு அருகே போகிறாள். கூப்பிட்டால் நிற்க வேண்டுமே. ஒரு நாள் அவசரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நின்றாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அதுவே அவள் பெயராகிவிட்டது. ஆனால் மாமனார் மட்டும் அவளை "சாமி" என்று சொல்வாரே ஒழிய, அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார். பொழுது சாயும் நேரத்தில் அவள் தானாகப் போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாத வயது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது, நான் ரோட்டைப் பார்க்காமல் வருவேன்.

குழந்தைகளுக்கு மூன்று வயது நெருங்கும்போது அது நடந்தது. உச்சி வெயில். மாமனார் மரவள்ளிக் கிழங்கு லோடோடு ஜவ்வரிசி மில்லுக்குப் போயிருந்தார். கேட் திறந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. சின்னவள் ரோட்டுப் பக்கம் ஓடினாள். நான் அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். அவள் நின்றாள்.

ரோட்டில் நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவும் நின்று திரும்பினார்.

"என்னையா கூப்பிட்ட?"

"இல்லம்மா, என் பொண்ணைக் கூப்பிட்டேன்."

"எம் பேரும் அதுதான்," என்று சிரித்தார்.

தோளில் ஒரு துணிப்பை. கால் முழுக்கப் புழுதி. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஊராம். திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டுதல். நடந்தே வந்து நடந்தே திரும்புகிறாராம். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு என் பிறந்த வீட்டு மனுஷி ஒருத்தி வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. புது முகம் கண்டால் ஒளிந்துகொள்ளும் சின்னவள், அவர் பக்கத்தில் போய்த் தரையில் ஒட்டி உட்கார்ந்தாள். யாரிடமும் போகும் பெரியவள் என் புடவைக்குப் பின்னால் நின்று அழுதாள்.

"இவ மட்டும் எதுக்கு அழுவறா?" என்று கேட்டார். பிறகு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெட்டையா," என்றார்.

எழுந்து பையை மாட்டிக்கொண்டபோது சொன்னார்: "இந்த ரோட்டுல வரப்பவே யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

தாகத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்கம்மா," என்றேன். போய்விட்டார்.

மாமனார் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்லும்போதே என் குரல் எனக்கே மாறிக் கேட்டது. என் மனசில் தேரில் தொலைந்தவள் எப்போதும் ஆறு வயதுக் குழந்தை. இந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறவள். தொலைந்த குழந்தைக்கும் வயதாகும், வளர்ந்த ஊரின் பேச்சு வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமனார் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டினார்.

"எந்தப் பக்கம் போச்சு அம்மிணி?"

"சங்ககிரிப் பக்கம்."

"என்னையப் பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு. எஞ் சாயல் இருந்துச்சா?"

பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கால் புழுதி ஞாபகம் இருந்தது, பை ஞாபகம் இருந்தது, முகம் மட்டும் வரவில்லை. அப்படியே சொன்னேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். இருட்டும்போது திரும்பினார். வழியில் ஒரு டீக்கடை விடாமல் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு அம்மா நடந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த அம்மா குடித்த டம்ளர் எங்கள் வாசலில் இருந்தது. மோர் மிச்சத்தில் எறும்பு மொய்த்திருந்தது.

என் கணவர் ஊருக்கு வந்ததும் அப்பாவும் மகனும் ஆத்தூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்த் தேடினார்கள். அந்தப் பெயர் ஒரு காலத்தில் ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொண்ட பெயர். போன இடமெல்லாம் அந்தப் பெயரில் வயதான அம்மாக்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தேர் ஞாபகம் இல்லை. சிலருக்குப் பெற்றவர்கள் யார் என்றே தெரியவில்லை. திரும்பி வந்த அன்று மாமனார் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்:

"கூப்புட்டா எல்லாருந் திரும்பிப் பாத்தாங்க அம்மிணி. அத்தனை பேரும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ எங்கியோ நடமாடிக்கிட்டிருக்கறா. ஒருத்தி உசுரோட இருக்கையில அவ பேரை இன்னொருத்தி தூக்கிச் சுமக்கக் கூடாது. சின்னப் பாப்பாளுக்கு அந்தப் பேரு வேண்டாஞ் சாமி. நீ வெச்ச பேரையே கூப்புடலாம்."

சுலபமாக இல்லை. சின்னவள் பல நாள் எதற்கும் திரும்பாமல் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறோம் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். மாமனார்தான் பொறுமையாக இருந்தார். மடியில் வைத்துக்கொண்டு, நான் வைத்த பெயரைச் சொல்லி ஒரு வாய் ஊட்டுவார். மறுபடி பெயர், மறுபடி ஒரு வாய். ஒரு காலை நான் பல் தேய்க்கக் கூப்பிட்டபோது, "வாரேனுங்" என்று இந்த ஊர்ப் பேச்சில் பதில் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததை அவள் புரியாமல் பார்த்தாள். இப்போது இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் காலம் அவளுக்கு நினைவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

போன மாதம் நங்கையாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. குடும்பத்துப் பெயர்களில் எதை வைப்பது என்று கேட்க மாமனாரிடம் வந்தார்கள். அவர் யார் பெயரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. புதுசாக ஒன்று நீங்களே பாருங்கள் என்றுவிட்டார். அவர்கள் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார்கள்.

"இந்தப் பேருல நம்ம சனத்துல ஆராச்சும் இருந்தாங்களா?"

"இல்லீங்."

"காணாமப் போனவங்க, ஊரை விட்டுப் போனவங்க?"

"ஆருமில்லீங் அப்பா."

"அப்பச் செரி," என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.