ஆற்றோடு கோபம்

ஜமுனாக்கா வீட்டுக்கு யார் போனாலும் வந்த விஷயத்தைச் சொல்ல விடமாட்டார். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். குடித்த பிறகுதான் கதை. பார்சல் கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரன்கூட வாசலில் நின்று குடித்து, "மெர்சி" சொல்லிவிட்டுத்தான் போவான்.

நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்தேசத்தில், பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. சிந்திக்காரர். ஆனால் பிறந்து வளர்ந்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் என்பதால் தமிழில் என்னைவிட வேகமாகச் சண்டை பிடிப்பார். பெற்றோர் பிரிவினையின்போது சிந்து ஆற்றங்கரையை விட்டு வந்தவர்கள். அந்த ஆற்றை இவர் கண்ணால் கண்டதில்லை. காணவில்லை என்று விட்டாரா? சென்னையில் கடலைக் கும்பிட்டார். இங்கே எங்கள் தெருக்கோடியில் ஓடும் ஆற்றைக் கும்பிடுகிறார். பஸ் பாலத்தில் ஏறினால் கை தானாகக் குவியும். அவர்களுக்குத் தண்ணீர்தான் தெய்வம். ஜூலேலால் என்று பெயர். சாமிப் படத்தில் வெள்ளைத் தாடியோடு மீன்மேல் அமர்ந்திருப்பார்.

எங்கள் சிநேகிதமே ஒரு கூத்தில்தான் தொடங்கியது. அவர்களுடைய புதுவருஷமான சேட்டிசந்த் அன்று கோதுமை மாவில் விளக்குச் செய்து ஏற்றி வைத்திருந்தார். எங்கள் அம்மன் கோயில் மாவிளக்குப்போல அதுவும் பிரசாதம் என்று நினைத்து, ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டுவிட்டேன். இனிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"ஐயோ பாலா, அது ஆத்துக்குடீ!" என்று கன்னத்தில் கைவைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த விளக்கையும் சர்க்கரை கலந்த அரிசியையும் ஓடும் தண்ணீரில் சேர்த்தால்தான் அவருக்கு வருஷம் பிறக்கும். ஒவ்வொரு பங்குனியிலும் கணவர் கோபால்தாஸ் கையைப் பிடித்துக் கரைக்கு இறக்கிவிடுவார். இந்தத் தையில் அவர் தவறிவிட்டார். மகன் நாட்டின் மறுகோடியில், வன்கூவரில். ஜமுனாக்காவுக்கோ முழங்கால் மடங்காது, கரையெல்லாம் பனிக்கட்டி.

சேட்டிசந்த் அன்று மத்தியானம் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கீழ இறங்கி வைக்கணும் பாலா. என்னால முடியாது. நீ வரியா?"

எனக்கு முகம் செத்துப்போயிற்று. இருபது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கரைக்குப் போனதில்லை. தொண்ணூற்று மூன்றில், எங்கள் நாட்டுச் சண்டைக்காலத்தில், கிளாலிக் கடலேரியில் படகு கவிழ்ந்து என் அண்ணை மகேந்திரராசா போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"என்னைக் கேக்காதேங்கோ அக்கா. எனக்குத் தண்ணியோட கோவம். எங்கட அண்ணையை விழுங்கினது அது."

ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோபம்னா நேர்ல போய்த் திட்டு. கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள திட்டினா அதுக்கு எப்படிக் கேக்கும்?"

"கும்பிடுற நீங்களே திட்டச் சொல்லுறியளோ?"

"கோபால் போன அன்னிக்கு நான் திட்டாத திட்டா? சொந்தம்னாத்தான் திட்ட முடியும்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அவர் முழங்காலுக்காகக் காரை எடுத்தேன்.

கரையோரம் பனி இறுகிக் கிடந்தது. படகு இறக்கும் சரிவில் மட்டும் பாளம் உடைந்து ஆறு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஜமுனாக்கா மேலே பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டில் அரிசி இரண்டு குவியலாக இருந்தது.

"ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணு உன் இஷ்டம்," என்றார்.

தட்டை அணைத்துக்கொண்டு அடியடியாக இறங்கினேன். பயம்தான், வேறென்ன? இலைத்துண்டில் இருந்த விளக்கை மெல்ல விட்டேன். இரண்டு தரம் சுற்றிவிட்டு, அணையாமல் ஆற்றோடு போனது. மேலே பார்த்தேன். ஜமுனாக்கா கழுத்துச் சால்வையின் தலைப்பை இரு கைகளிலும் ஏந்திப் பிடித்து, சிந்தியில் ஏதோ பாடி அழுதுகொண்டிருந்தார். அவருடைய வருஷம் பிறந்துவிட்டது.

முதல் பிடி அரிசியைத் தூவினேன். இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்த திட்டு, வாய் நிறைய இருந்தது. விரலைத் திறந்து அரிசியைத் தண்ணீரில் விட்டேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணை, சாப்பிட்டியளோ?"