குங்குமம் வைத்த லேபிள்

மன்னார்குடி பக்கம் எங்கள் வயலில் விளையும் மாப்பிள்ளைச் சம்பா விதைநெல்லை, கேட்பவர்களுக்குப் பார்சலில் அனுப்புகிறேன். கூரியர் பார்கோடோடு வரும் முகவரி லேபிளை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் தயாரித்து, பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுவேன்.

சென்ற பட்டத்தில் விழுப்புரம் விவசாயி ஒருவருக்கு ஐந்து கிலோ அனுப்பினேன். விதை வீட்டைவிட்டுப் போகும்போது மஞ்சள், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அன்று அவசரத்தில் ஈரக் கையோடு லேபிளின் மேலேயே வைத்துவிட்டேன். அது பார்கோடு முழுக்க அப்பிக்கொண்டது.

பத்து நாள் கழித்து அந்தப் பார்சல் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. கூரியர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"மெஷின் படிக்கலம்மா. நாங்க என்ன பண்றது?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"அட்ரஸும் போன் நம்பரும் பளிச்சுனு இருக்கே. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"அப்படியெல்லாம் பண்றதில்லம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுப்புரம் முகவரியைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, அதற்குக் கீழே இருந்த என் முகவரியை மட்டும் படிக்கத் தெரிந்திருக்கிறது.

விவசாயியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "நாத்தங்கால்ல சேறடிச்சு வச்சுட்டுக் காத்திருந்தேங்க. கடைசியில வேற ரகத்தை வாங்கி விதைச்சுட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குங்குமத்தை லேபிளில் வைத்தது என் தப்புதான். இப்போது அதை உள்ளே இருக்கும் விதைப் பையில் வைக்கிறேன். பெட்டியின் மறுபக்கம் முகவரியை மார்க்கரால் பெரிதாக எழுதுகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுகிறேன்: 'மெஷின் படிக்காவிட்டால் மனிதர்கள் படிக்கவும்.'