மக்கும் பை விற்ற மூன்று வருடம்

மக்கும் பை விற்கிறவனுக்கு நிம்மதி கிடையாது. சீக்கிரம் மக்கினால் தரமில்லை என்பார்கள், மக்காமல் கிடந்தால் பொய்யன் என்பார்கள். கடை கடையாக ஏறி இறங்கிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் விற்றது சோளம், கிழங்கு மாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். கிழியாமல் இருக்க அதில் களிமண்ணை மிக மிக நுண்ணிய துகளாக்கிக் கலந்திருப்பார்கள். சேலத்தில் பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்கி, மூன்று வருடம் அதைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

மண்

ஏரிக்கரையில் ஸ்டெல்லா அக்கா சூப்பும் மிளகாய் பஜ்ஜியும் விற்பார். மலையில் சாதாரண பிளாஸ்டிக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால் சூப் பார்சல் கட்ட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல வாடிக்கை என்று பத்து நிமிடம் விளக்கினேன். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஆயிரக்கணக்கான மண்துகளை அடுக்கலாம், அவ்வளவு சின்னது என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அத்தன பொடுசா இருந்தா, சூப்புல கலந்தாலும் நமக்குத் தெரியாதுங்களே தம்பி?"

அதெல்லாம் கலக்காதுங்க அக்கா என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாளே ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

சான்றிதழ்

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கம்பெனி மேனேஜரிடம் சான்றிதழ் கேட்டேன். உடனே அனுப்பவில்லை. நாலைந்து தடவை கேட்ட பிறகு வந்தது. காய்ந்த பண்டத்தையும் ஆறின பண்டத்தையும் வைத்துப் பார்த்திருந்தார்கள். சூடானதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன் போட்டேன். மண் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் வெளியே வந்தாலும் கெடுதல் இருக்காது என்றுதான் நினைக்கிறோம் என்றார். கொதிக்கிற சூப்பை ஊற்றி நம்ம பையைப் பார்த்தீர்களா என்றேன். இல்லையாம்.

கடைக்காரர்களிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "கேட்டா சொல்லுங்க சார், கேக்காதவங்ககிட்ட நீங்களா போயி எதுக்குச் சொல்றீங்க?"

சூடு

ஸ்டெல்லா அக்கா கேட்டிருந்தாரே! மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். சூடாக எதையும் ஊற்றாதீர்கள், கெடுதல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, கம்பெனியில் சோதித்துப் பார்க்கவே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிச்சமிருந்த பைகளை எடுத்து என் கையில் கொடுத்தார். கரண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு மாசமா எம் புள்ளைக்கும் அதுலதான் கட்டி அனுப்புனேன்."

நாற்று

அதற்கு முந்தைய வருடம் கிளியூர் பக்கம் பொன்னுசாமி என்கிற விவசாயிக்கு, காப்பி நாற்று வளர்க்க இதே ரகத்தில் பை கொடுத்திருந்தேன். நடும்போது பையைக் கிழிக்க வேண்டாம், அப்படியே நட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்றும் சொல்லியிருந்தேன். அவரும் அவர் சம்சாரம் ராமாயியும் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, மழைக்கு முன்னால் முழுத் தோட்டத்திலும் பையோடு நட்டார்கள்.

ஸ்டெல்லா அக்கா பையைத் திருப்பிக் கொடுத்த சில நாளில், செடி மஞ்சளாகிறது என்று பொன்னுசாமி ஆள் அனுப்பினார். போனேன். களைக்கொத்தால் ஒரு செடியைத் தோண்டி எடுத்தார். பை நான் கொடுத்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. உள்ளே வேர் போக இடமில்லாமல் சுருண்டு சுருண்டு பந்தாகியிருந்தது. மேனேஜரைக் கேட்டதற்கு, அது மக்க நல்ல சூடான உரக்குழி வேண்டும், மலைக்குளிரில் வருடக்கணக்கில் அப்படியேதான் கிடக்கும் என்றார். இதை அவர் முன்பே அறிந்திருந்தார்.

மூன்று நாள் அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு செடியாகத் தோண்டிப் பையைக் கிழித்தேன். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. மூன்று நாளும் ராமாயி எனக்கும் சேர்த்துத்தான் களி கிண்டினார். கிளம்பும்போது பொன்னுசாமி ரோடு வரை வந்தார். "உங்களக் குத்தஞ் சொல்லலீங்க, நீங்க சொன்னத நொம்ப நம்பிட்டோம், அவ்வளவுதானுங்க."

அடிவாரம்

அடுத்த வாரம் மாதிரிப் பைகளோடு மறுபடி மலை ஏறினேன். வேறு வேலை கிடைக்கவில்லை. அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி பிளாஸ்டிக் சோதனை செய்தார்கள். சோதனைக்காரர் என் கட்டிலிருந்து ஒரு பையை உருவி, இது என்ன ரகம் என்றார். மக்குகிற ரகம் என்று மூன்று வருடமாகத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு, எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்ததுங்க என்று இழுத்தேன். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

சோதனைக்காரர் பையை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "மக்குமா மக்காதா, ஒண்ணு சொல்லுங்க சார், பின்னால வண்டி நிக்குது."

அன்றோடு பை விற்பதை விட்டுவிட்டேன். இப்போது சேலத்தில் ஒரு செருப்புக் கடையில் நிற்கிறேன். எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பவர்களிடம் தெரியாதுங்க என்றே சொல்வதால் வியாபாரமும் சுமார், தூக்கமும் சுமார்.