அண்ணன் வீட்டுச் சுவரில் வெறும் கிண்ணங்கள்

மாரண்டஹள்ளிக்கு வெளியே அண்ணன் புது வீடு கட்டி முடித்தபோது, கூடத்தில் வாசலைப் பார்த்திருந்த பெரிய சுவரைக் காட்டி, "டிவிய அந்தப் பக்கம் வெச்சுக்கறேன். இது உனக்கு" என்றார். நான் பீங்கானில் கிண்ணங்கள் செய்கிறவள். சாப்பிடுவதற்கு அல்ல, சுவரில் மாட்டுவதற்கு. சொந்தக்காரர்கள் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் விளக்கம் சொல்கிற வேலையை இத்தனை வருடமும் அண்ணன்தான் பார்த்துவந்தார். அவர் கேட்டுச் செய்யாமல் இருக்க முடியுமா?

நல்லம்பள்ளியில் இருக்கும் என் பட்டறையில் மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு சுவருக்காகவே உழைத்தேன். பீங்கான் மண்ணில் விளிம்பை மெல்லியதாக இழுத்தால் சூளைச் சூட்டில் அது தன் இஷ்டத்துக்கு வளையும். எவ்வளவு வளைய விடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். ஒருமுறை பாதி சுடும்போது கரண்ட் போய், சூளையில் இருந்ததெல்லாம் வீணானது. மறுபடி செய்தேன். இரண்டாவதாக வந்தவை முதலில் செய்தவற்றைவிட நன்றாகவே இருந்தன. உள்ளங்கை அளவிலிருந்து முறம் அளவுவரை, எல்லாம் தூய வெள்ளை.

வீடு மந்திரிப்பதற்கு முந்தின நாள் நானே ஏணி போட்டு மாட்டினேன். மறுநாள் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பந்தியில் உட்கார்ந்தபோதுதான் அண்ணியின் அப்பா பேச்சை எடுத்தார். பென்னாகரம் பக்கத்தில் விவசாயம் செய்கிறவர். குரலை உயர்த்தாமலே காரியத்தை முடித்துவிடுவார். புது வீட்டில் வாசலைப் பார்த்து வெறும் கிண்ணங்களாக மாட்டியிருப்பது கையேந்தி நிற்கிற மாதிரி இருக்கிறது, பிளாஸ்டிக் பூவாவது வைக்கலாமே என்றார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தன் இலையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கிண்ணம் என்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். கை கழுவிவிட்டு வந்து, சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க மாமா."

தூக்கினார். வெயில் பட்டதும், அடியில் தாங்கியிருந்த அவருடைய விரல்கள் பீங்கானுக்குள் நிழலாகத் தெரிந்தன. ஒரு விரலை அசைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றை.

"ஒடஞ்சா என்னம்மா பண்ணுவ?"

"வேற செஞ்சு மாட்டுவேங்க. பூ மட்டும் வேணாங்க. பூவ வெச்சா இதெல்லாம் மறைஞ்சிரும்."

அவர் கிண்ணத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அவர் நகரும்வரை பொறுத்திருந்து, போய் நேராக்கினேன். அவர் கவனித்துவிட்டார். தான் மாட்டியது ஆகாதா என்று கேட்டார். ஆகாது என்றேன். அண்ணன் சிரித்துவிட, அவரும் சிரித்தார்.

போன மாதம் அண்ணி போன் செய்தார். அப்பா தன் வீட்டுக்கும் கிண்ணங்கள் கேட்கிறாராம். விளிம்பில் மட்டும் நீலக் கோடு வேண்டுமாம். கோடு இல்லாமல்தான் செய்வேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் பிடிவாதமும் எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அவர் வீட்டுச் சுவரை அளக்கப் போகிறேன். நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.